மாதுளம் ஓடும் ஆறாத புண்ணும்

என் கணவருக்குக் காரம் வேண்டும். ரசத்தில் மிளகு தூக்கலாக இல்லாவிட்டால் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார். அப்படிப்பட்டவர் ஒரு சித்திரை மாதத்தில் வத்தக்குழம்பைத் தொடாமல், தயிர்ச் சோற்றை மோர் போலக் கரைத்து, மெல்லாமல் விழுங்கிவிட்டு எழுந்தார்.

"என்னங்க, குழம்பு நல்லா இல்லையா?"

"வெயிலுக்கு ஒத்துக்கிடல" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

எழுபதுகளின் கடைசி அது. அவர் டவுன் பஸ் கண்டக்டர். விளாங்குடியில் ஒரு சின்ன வாடகை வீட்டில் நாங்கள் இருவரும், அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த எங்கள் மகளும் இருந்தோம். அப்போது அங்கே வீடுகளைவிட வயல்தான் அதிகம். திருவிழாச் சமயமாதலால் அவரை அழகர்கோவில் ஸ்பெஷல் பஸ்களில் போட்டிருந்தார்கள். கூட்டத்துக்குள் நுழைந்து நுழைந்து டிக்கெட் கொடுத்து, தொண்டை கிழியக் கத்தி, வீட்டுக்கு வரும்போது சட்டையைப் பிழிந்தால் வேர்வை சொட்டும். அந்த அலுப்பில் சாப்பாடு இறங்கவில்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

திருவிழா முடிந்தது. சாப்பாடு பழையபடி ஆகவில்லை. காபியை ஆற வைத்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் குடித்தார். பேசும்போது இடது கன்னத்தை நாக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். எப்போதும் இடது பக்கம்தான் வெற்றிலையும் புகையிலையும் அடக்குவார். அதை இப்போது வலது பக்கம் மாற்றியிருந்தார். விட்டுவிடவில்லை. மாற்றியிருந்தார், அவ்வளவுதான்.

"வாயைக் காட்டுங்க" என்றேன் ஒரு நாள் காலை, அவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது.

"என்னத்தக் காட்டுறது? சூட்டுப் புண்ணு."

"எம்புட்டு நாளா இருக்கு?"

செருப்பைத் தேடினார். நான் வாசலை மறித்து நின்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார், மகள் பார்க்கிறாள் என்றார். கடைசியில் எரிச்சலோடு வாயைத் திறந்தார். கன்னத்தின் உட்பக்கம், கடைவாய்ப் பல்லுக்கு நேரே, சிவப்பாக ஒரு புண். ஓரம் வெள்ளையாகத் தடித்திருந்தது. அதைப் பார்த்ததும் பயந்துபோனேன். ஏனென்றால் அவருடைய அப்பாவைப் பற்றி எனக்குத் தெரியும்.

என் மாமனாரை நான் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு வெகுகாலம் முன்பே இறந்துவிட்டார். வாயில் வந்த புற்று. அதைப் பற்றி இவர் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசியிருக்கிறார். கன்னத்தில் ஓட்டை விழுந்துவிட்டதாம். ஊரில் சொந்தக்காரர்கள் பக்கத்தில் உட்கார மாட்டார்களாம். ஊற்றிய கஞ்சி கன்னம் வழியாக ஒழுகுமாம். அதைச் சொன்ன அன்றைக்கு இவர் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன்.

"எங்கப்பாவையும் ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போனாக. கத்தி வச்சாக. கத்தி வச்சப்புறந்தான் மளமளன்னு பரவுச்சு. சும்மா விட்டிருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரு." சொல்லிவிட்டுத் தோல் பையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

பக்கத்து வீட்டு அக்காவிடம்தான் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்தவரின் மனைவி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். புற்று என்ற சொல்லை நான் வாயில் எடுக்கவில்லை. புண் ஆறவே மாட்டேன் என்கிறது என்று மட்டும் சொன்னேன். அக்கா வீட்டுக் கொல்லையில் ஒரு மாதுளை மரம் உண்டு. நாட்டு மாதுளை, பழம் சின்னதாகத்தான் இருக்கும், முத்து வெளிர் ரோஸ் நிறத்தில் புளிப்பும் இனிப்புமாக, கொட்டை பல்லில் நறநறவென்று கடிபடும். பழம் தின்றபின் அக்கா ஓட்டை எறிய மாட்டார். முறத்தில் காய வைத்து டப்பாவில் போட்டு வைப்பார். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் பொடித்து மோரில் கலந்து கொடுப்பார். வாய்ப்புண்ணுக்கும் தொண்டைக் கட்டுக்கும் கஷாயமாக வைப்பார்.

"இந்தா, ஒரு கை அள்ளிக்கோ" என்று டப்பாவை நீட்டினார். "தண்ணி பாதியா சுண்டுற வரைக்கும் கொதிக்கட்டும். இரும்புச் சட்டியில மட்டும் வச்சிராத, மையாட்டம் கருத்துப்போகும். மண்சட்டியில வையி. வெதுவெதுன்னு ஆறுனப்புறம் கல்லு உப்புப் போட்டு, வாயில கொஞ்ச நேரம் அடக்கி வச்சுத் துப்பச் சொல்லு. முழுங்க வேண்டாம்."

அன்றைக்கே வைத்தேன். காய்ந்த ஓடு கொதிக்கும்போது பெரிய வாசனை ஒன்றும் இல்லை, ஈர மரப்பட்டை போல ஒரு நெடி. நிறம் மட்டும் மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் டீ டிகாக்ஷன் போல இருண்டது. ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். பாக்கை மென்றது போல வாய் முழுக்க இறுகிக்கொண்டது.

அவர் மறுப்பார் என்று பயந்தேன். மறுக்கவில்லை. கத்தியில்லாத எதுவானாலும் அவருக்குச் சம்மதம்தான். முதல் மடக்கில் முகத்தைச் சுளித்து, கண்ணில் நீர் கட்டி, முற்றத்தில் துப்பினார். பிறகு இன்னொரு மடக்கு. வாயைத் துடைத்த துண்டில் பட்ட கறை எத்தனை துவைத்தும் போகவில்லை.

ஒரு வாரத்துக்குள் வித்தியாசம் தெரிந்தது. கன்னம் லேசாக வீங்கியிருந்தது வடிந்தது. காபியைச் சூடாகக் கேட்டார். ஒரு மத்தியானம் இட்லிக்கு மிளகாய்ப் பொடி வேண்டும் என்றார். நான் தயங்கித் தயங்கிக் கொஞ்சம் வைத்தேன். எண்ணெயில் குழைத்துச் சாப்பிட்டுவிட்டு, "பாத்தியா, பத்து டாக்டருக்குச் சமம் இந்த ஓடு" என்று சிரித்தார். மகளுக்கும் கொண்டாட்டம். அக்கா தரும் பழங்களை உடைக்கும்போதெல்லாம், "முத்து எனக்கு, தோலு அப்பாவுக்கு" என்று பங்கு பிரிப்பாள்.

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் நம்ப முடியவில்லை. வலி இல்லை என்று அவர் சொல்கிறாரே தவிர, புண்ணை மறுபடி என்னிடம் காட்டவில்லை. கேட்டால், "அதான் ஆறிருச்சுங்கிறேன்ல" என்பார். கஷாயத்தை மட்டும் ஒரு வேளை விடாமல் கேட்டு வாங்கினார். ஆறின புண்ணுக்கு எதற்குக் கஷாயம்? இந்தக் கேள்வி மாவு ஆட்டும்போதும், தண்ணீர் எடுக்கப் போகும்போதும் என்னை அரித்தது.

அந்தச் சமயத்தில் மகளுக்குச் சளி என்று ஆரப்பாளையத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். காத்திருக்கும் அறைச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். வாயைத் திறந்துகொண்டு ஓர் ஆள். வெற்றிலை, புகையிலை போடுகிறவர்கள் வாயில் ஆறாத புண் இருந்தால் உடனே காட்ட வேண்டும் என்று கீழே எழுதியிருந்தது. அதற்குமேல் என்னால் அந்தச் சுவரைப் பார்க்க முடியவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டால் எதிர்ச் சுவரிலும் அதே படம் இருப்பது போலிருந்தது. மகளை உள்ளே கூப்பிட்டது எனக்குக் காதில் விழவில்லை. அவள்தான் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது அவர் காலை ஷிப்ட் முடித்து, பாயில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. வாசல் வழியாக வெயில் நேராக முகத்தில் விழுந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். சிவப்பு குறைந்திருந்தது உண்மைதான். வீக்கம் இல்லை. ஆனால் புண் அங்கேயே இருந்தது. அந்த வெள்ளை ஓரமும் இருந்தது.

அவர் கண்ணைத் திறந்துவிட்டார்.

"என்ன பாக்குற?"

"ஆறலைங்க."

"வலிக்கல. வீக்கமில்ல. அப்புறம் என்ன?"

"வலிக்கலன்னா ஆறிருச்சுன்னு அர்த்தமா? ஒரு தடவ காட்டிட்டு வந்துருவோம்."

எழுந்து உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. மெதுவாகச் சொன்னார்: "காட்டுனா ஒரு பேரு சொல்லுவாக. அந்தப் பேரக் கேட்டுட்டு நான் எப்படி நாளைக்கு பஸ்ல ஏறி விசில் ஊதுவேன்? தெரியாம இருக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்."

அவருடைய அண்ணனுக்குச் சொல்லி அனுப்பலாமா என்று யோசித்தேன். அண்ணன் வந்தால் இருவரும் அப்பாவின் கதையைப் பேசி அழுவார்கள், ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார்கள். மறுநாள் காலை அவர் வேலைக்குப் போனபின் மகளை அக்கா வீட்டில் விட்டேன். நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்து, அவருடைய பஸ் வரும் வரை நின்றேன்.

பஸ் நிறையக் கூட்டம். நான் முன்வாசலில் ஏறிப் பெண்கள் பக்கம் நின்றேன். அவர் பின்னாலிருந்து டிக்கெட் கிழித்தபடி வந்தார். நிமிர்ந்து பார்க்காமலே, "எங்க?" என்றார்.

"பெரியாஸ்பத்திரி. ரெண்டு."

குரலைக் கேட்டு நிமிர்ந்தார். அவர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது.

"ரெண்டு யாருக்கு?" என்றார், தாழ்ந்த குரலில்.

"ஒண்ணு எனக்கு. ஒண்ணு உங்களுக்கு."

பக்கத்தில் கீரைக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண், "ஏப்பா, பொம்பளப்புள்ள நிக்குதுல்ல, டிக்கெட்டக் குடேன்" என்றார். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டார். எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் பழகினவர் அவர்.

"என்ன மாப்ள, தங்கச்சி ஆஸ்பத்திரிக்கா போகுது? யாருக்கு என்ன?"

நான்தான் பேசினேன். அத்தனை பேர் நடுவில் எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ.

"இவருக்குத்தான்ணே. வாயில புண்ணு. சித்திரையிலருந்து ஆறல. கூப்பிட்டா வரமாட்டேங்கிறாக."

இவர் இரண்டு டிக்கெட்டைக் கிழித்து என் கையில் திணித்துவிட்டு நகர்ந்தார். அவர் காது மடல் சிவந்திருந்தது. இதற்காக என்னை மன்னிக்கவே மாட்டார் என்று நினைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கும்போது, "நான் வாசல்லயே உக்காந்திருக்கேன். டிரிப்ப முடிச்சிட்டு வாங்க" என்றேன். அவர் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர்தான் தலையை வெளியே நீட்டி, "நீ இரு தங்கச்சி. ஆளு மாத்திவிட நான் பேசுறேன்" என்றார்.

வாசலில் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். மத்தியானத்தோடு சீட்டு கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். ஒவ்வொரு பஸ்ஸாக வந்து நின்றது, போனது. காக்கிச் சட்டையைக் கண்டால் எழுவேன், வேறு ஆளாக இருக்கும், உட்காருவேன். வர மாட்டார் என்று ஒரு மனம் சொன்னது. வந்தால் என்ன ஆகும் என்று இன்னொரு மனம் பயந்தது. அவர் சொன்னது போலக் கத்தி வைத்துப் பரவிவிட்டால்? நானே இழுத்துக்கொண்டு வந்து கொன்றதாக ஆகாதா? அந்த நினைப்பு வந்ததும், வராவிட்டால்கூட நல்லது என்று ஒரு கணம் தோன்றியது.

வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் வந்தார். பையை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு வெறும் கையோடு வந்தார். நேரே சீட்டு வாங்கும் வரிசையில் போய் நின்றார்.

பல் பிரிவில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். கன்னத்தை விலக்கி, விளக்கைத் திருப்பி, விரலால் புண்ணின் ஓரத்தை அழுத்திப் பார்த்தார். பிறகு பல்லைத் தொட்டார்.

"இந்தப் பல்லு எப்ப உடைஞ்சது?"

இவர் விழித்தார். "உடைஞ்சிருக்கா?"

"பாதி இல்ல. மிச்சம் கூரா நிக்குது. எதுலயாவது இடிச்சீங்களா?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. பங்குனியில் ஒரு நாள், விசிலை இடது கடைவாயில் கடித்துக்கொண்டு நின்றபோது டிரைவர் திடீரென்று பிரேக் போட, முன் சீட்டுக் கம்பியில் முகம் மோதியது. அன்றைக்கு உதடு கிழிந்து ரத்தம் வந்ததால் உதட்டை மட்டும் கவனித்திருக்கிறார்.

"நீங்க பேசுறப்ப, மெல்லுறப்ப எல்லாம் அந்தக் கூரு கன்னத்தக் கிழிச்சுக்கிட்டே இருக்கு. எப்படி ஆறும்? பல்லை எடுத்தா புண்ணு ஆறணும்" என்றார் டாக்டர். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் முடிக்கவில்லை. "இருந்தாலும் புகையிலை போடுற வாயி. ஓரம் கெட்டியா இருக்கு. பல்லு எடுக்கிறப்பவே துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிருவோம்."

இவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "கத்தி வைக்கிறதுன்னா வேண்டாம்மா."

டாக்டர் அதட்டவில்லை. ஏன் என்று கேட்டார். இவர் நின்றபடியே அப்பாவின் கதையைச் சொன்னார்.

"உங்கப்பா எப்ப ஆஸ்பத்திரிக்கு வந்தாரு?" என்று கேட்டார் டாக்டர். "புண்ணு வந்த உடனேயா?"

இவர் தரையைப் பார்த்தார். "சோறு எறங்காமப் போனப்புறம்."

"அப்பவே பரவியிருக்கும். கத்தி பரப்பல. நீங்க சோறு எறங்குறப்பவே வந்திருக்கீங்க. அதுதான் வித்தியாசம்."

இவர் என்னைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார்.

நான் அப்போதுதான் பயந்துகொண்டே மாதுளம் ஓட்டைப் பற்றிச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அது தப்பில்லம்மா. அந்தத் துவர்ப்பு புண்ணைச் சுருக்கும். வீக்கம், எரிச்சல் எல்லாம் குறையும். அதனாலதான் இவரு இத்தன நாள் தாங்கியிருக்காரு. ஆனா வலி குறைஞ்சிருச்சுன்னு வராம இருந்தாருல்ல, அங்கதான் தப்பு. உடைஞ்ச பல்ல அந்த ஓடு என்ன பண்ணும்? பல்லு எடுத்த இடம் கொஞ்சம் மூடட்டும், அப்புறம் மறுபடி கொப்பளிக்கலாம். புகையிலைய இன்னையோட விட்டுருங்க."

பல்லை எடுத்தார்கள். சதையும் எடுத்தார்கள். திரும்பும்போது வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். கோபமா பயமா என்று எனக்குத் தெரியவில்லை.

முடிவு வரும் வரைக்கும் இருந்த நாட்களைப் பற்றி என்ன எழுதுவது? வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. மகள் ஏதாவது கேட்டு அடம்பிடித்தால் உடனே கொடுத்துவிடுவோம், அதிலேயே அவளுக்குச் சந்தேகம் வந்து, "அப்பாவுக்கு என்ன?" என்று கேட்டாள். புகையிலை இல்லாமல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒன்றுமில்லாததற்கெல்லாம் எரிந்து விழுந்தார். பல் எடுத்த இடம் மூடியதும் நான் மறுபடி கஷாயம் வைத்தேன். இப்போது கேட்காமலே வாயைத் திறந்து காட்டுவார். நானும் தினம் பார்ப்பேன். புண் சுருங்கிக்கொண்டு வந்தது. முன்பு குறையாத அந்த வெள்ளை ஓரம்கூட மங்கியது. அதைப் பார்க்கப் பார்க்க என் பயம் குறைந்திருக்க வேண்டும். கூடியது. முன்னாலும் இப்படித்தானே ஏமாந்தோம்?

சொன்ன நாளில் போனோம். இன்னும் வரவில்லை என்றார்கள். அடுத்த முறை போனபோது டாக்டர் லீவு. இரண்டு தடவையும் திரும்பும் வழியில் அவர், "ஏதாச்சும் ஆச்சுன்னா நீ உங்கப்பா வீட்டுக்குப் போயிரு. எங்கண்ணன் கையை எதிர்பார்க்காத" என்றார். "சும்மா வாங்க" என்று நான் அதட்டினேன். அதட்டிவிட்டு முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

அதற்கடுத்த முறை டாக்டர் இருந்தார். நாங்கள் உள்ளே நுழைந்ததும் தாளைத் தேடி எடுத்துப் படித்தார். படித்து முடிக்கும்வரை மேலே சுற்றிய மின்விசிறியின் கடகடப்பு மட்டும் கேட்டது.

"புத்து இல்ல" என்றார். "உரசிப் புண்ணான சதைதான். ஆனா இதே மாதிரி இன்னொரு தடவ வந்தா, அன்னைக்கே வரணும். மறுபடி புகையிலை பக்கம் போனீங்கன்னா நானே பஸ்ஸுக்கு வந்துருவேன்."

இவர் கையெடுத்துக் கும்பிட்டார். அப்படியே வெளியே நடந்தார். ஆஸ்பத்திரி வாசலில் இருந்த டீக்கடையில் எனக்கொரு டீ வாங்கிக் கொடுத்தார். "பஸ்ல வச்சு மானத்த வாங்கிட்டேயில்ல" என்றார். அதற்குள் அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. கடைக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புகையிலையை அவர் ஒரேயடியாக விட்டதாகச் சொன்னால் பொய். அடுத்த வருஷம் ஒரு துக்க வீட்டில் போட்டார். நான் கண்டுபிடித்து ஒரு மாதம் பேசவில்லை. அதன்பிறகு தொடவில்லை என்றுதான் நம்புகிறேன். வருஷா வருஷம் அந்த டாக்டரிடம் வாயைக் காட்டிவிட்டு வருவார். எனக்குத்தான் அந்தப் பயம் முழுசாகப் போகவில்லை. அவர் கொட்டாவி விட்டால் இன்றைக்கும் என் கண் தானாக அந்தக் கன்னத்துக்குப் போகும்.

முடிவு தெரிந்த அன்று வீட்டுக்கு வந்ததும் எனக்குக் குளிர் எடுத்தது. சாயங்காலத்துக்குள் காய்ச்சல் கொதித்தது. அத்தனை நாள் தாங்கிய உடம்பு, இனிப் பயமில்லை என்றதும் சாய்ந்துவிட்டது. நாலைந்து நாள் எழுந்திருக்கவில்லை. அவர் லீவு போட்டுவிட்டு அடுப்படிக்குள் போனார். கட்டி கட்டியாக ஒரு உப்புமா கிண்டிக்கொண்டு வந்து, உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டார். உப்பே இல்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டேன்.